திருமணத்துக்குத் தடையில்லை

குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. விதையின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் கல் போல ஏதோ ஒன்று. எனக்கு ஒரு விதைதான். இன்னொன்று பிறக்கும்போதே கீழே இறங்காமல் வயிற்றுக்குள் தங்கிவிட்டதென்று நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் ஊர்ப்பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஒன்றே போதும், பிள்ளை குட்டிக்கெல்லாம் குறைவு வராது என்று அப்போது டாக்டர் சொன்னாராம். அம்மா அதை யாரும் கேட்காமலே அவ்வப்போது சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரகடத்தில் கார் பிரேக்குக்கான பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் இருவரோடு ஓர் அறை. அந்த வருடம் எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பெண் இந்தப் பக்கத்துக்காரி. சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். அங்கே அவர்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். செல்போன் பாகங்கள் பொருத்தும் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். எங்கள் பங்குக் கோயிலில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக ஞாயிறு மாலையில் ஒரு பூசை உண்டு. அதில் பாட்டுக் குழுவில் இருவரும் பாடினோம். ஊர் வேறு, சாதி வேறு என்று இரண்டு பக்கமும் முணுமுணுப்பு இருந்தது. வேதம் ஒன்றுதானே என்று சொல்லி ஒரு வழியாகச் சம்மதித்திருந்தார்கள்.

கட்டியை முதலில் யாரிடமும் சொல்லவில்லை. தானாகக் கரைந்துவிடும் என்று சில வாரம் பார்த்தேன். கரையவில்லை. டிஸ்பென்சரியில் காட்டியபோது அந்த டாக்டர் தொட்டுப் பார்த்த உடனே ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே பார்த்த அறுவை மருத்துவர் ஒரு பெண். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"எடுத்துத்தான் ஆகணும். பாதியை மட்டும் எடுத்து மீதியைக் காப்பாத்த முடியுமான்னு பார்த்தோம். வெளிய தெரியறதைவிடக் கட்டி உள்ள பெருசா இருக்கு, முடியாது. சீக்கிரம் எடுத்துட்டா உயிருக்கு ஒண்ணும் வராது. கல்யாணம் ஆயிடுச்சா?"

"நிச்சயம் ஆயிருக்கு, மேடம்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "இது உங்களுக்கு இருக்கிற ஒரே ஒரு விதை. எடுத்த பிறகு குழந்தைக்கு வாய்ப்பு இல்லை. ஹார்மோனை ஊசி மூலமாக் குடுத்துருவோம். குரல், தாடி, தாம்பத்தியம் எல்லாம் பழையபடி இருக்கும். குழந்தை மட்டும்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி சாம்பிள் எடுத்து உறைய வெச்சா, பின்னாடி லேப் மூலமா முயற்சி பண்ணலாம். அதுக்குன்னு தனி சென்டர் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பயம் இருந்ததா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இருந்திருக்க வேண்டும். ஞாபகத்தில் இருப்பது, இதை அவளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான்.

மறுநாள் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் காத்திருந்தேன். அவள் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"கேன்சர் கட்டியாம். எடுத்துட்டா சரியாயிருமாம். ஆனா அதுக்கப்புறம் எனக்குப் பிள்ளை பிறக்காது."

டீ கிளாஸை வாங்கியவள் குடிக்கவில்லை. "உயிருக்கு?"

"உயிருக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்றாங்க."

"அப்போ எடுத்துரணும். அதுல யோசிக்க இன்னா கீது?"

அவள் ஊருக்குப் போகும் ஷேர் ஆட்டோ வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அவள் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. சாம்பிள் விஷயத்தையும் சொன்னேன். சொல்லும்போது டீக்கடைக்காரருக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது. அவள் கேட்டுவிட்டு, "ஃபாதரைப் பாக்கலாம்" என்றாள்.

"அவர்கிட்ட எதுக்கு?"

"நமக்கு ஓலை வாசிக்கப் போறது அவருதான. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சாகணும். நாமளே போய்ச் சொல்லிடலாம்."

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, யாருக்காவது தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அதைத்தான் ஓலை என்போம். எங்களுக்குத் தை மாதத்தில் திருமணம் என்று பேசியிருந்தார்கள். அதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

பங்குத்தந்தைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பாதி நேரம் மோட்டார் பைக்கில் விடுதி விடுதியாகப் போய் வெளியூர்ப் பையன்களையும் பெண்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் போன அன்று அலுவலக அறையில் ஒலிபெருக்கியைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஸ்க்ரூடிரைவரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "இந்த ஆபரேஷன்ல பாவம்கிற பேச்சுக்கே இடம் இல்ல. பிள்ளை வேணாம்னு நல்லா இருக்கிற உறுப்பை முடக்குறது வேற. நோயை எடுக்கப் போன இடத்துல பிள்ளை பெறுற சக்தியும் போயிடுதுன்னா, அது வேற. நீங்க உயிரைத் தேடிப் போறீங்க. அந்த இழப்பைத் தேடிப் போகல. உடம்பைக் காப்பாத்த உறுப்பைக் குடுக்கலாம். தைரியமாப் போங்க."

எனக்கு அந்தச் சந்தேகமே இருந்ததில்லை. என்றாலும் அவர் சொன்னதும் தோள் கொஞ்சம் இறங்கியது. சாம்பிள் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அவள்தான் கேட்டாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்து வெச்சுக்கச் சொல்றாங்க ஃபாதர். பின்னாடி லேப்ல வெச்சு... அது சரியா?"

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"திருச்சபை அதை ஏத்துக்கல."

"ஏன் ஃபாதர்?"

"எடுக்கிற முறையையும் ஏத்துக்கல, கணவன் மனைவி உறவுக்கு வெளியே லேப்ல உயிரை உண்டாக்குறதையும் ஏத்துக்கல. பிள்ளைங்கிறது நமக்கு உரிமையா வர்ற பொருள் இல்ல, கடவுளோட கொடைன்னு சொல்லுது."

"கொடைன்னா கேக்கக்கூடக் கூடாதா?"

"கேக்கலாம்மா. எந்த வழியில கேக்குறோம்கிறதுதான்... இதை உங்ககிட்டச் சொல்றது எனக்கு லேசா இல்ல. நான் மாத்திச் சொன்னா அது என் சொந்தக் கருத்து. சபை சொல்றதைச் சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் யோசிங்க. என்ன முடிவெடுத்தாலும் இங்க வராம மட்டும் இருந்துடாதீங்க."

வெளியே வந்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பாதி சரியாத்தான் சொல்றாரு. எந்தப் பாதின்னுதான் தெரில."

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அம்மா ஊரிலிருந்து வந்தாள். அறை நண்பர்கள் வேறு அறைக்குப் போய் இடம் விட்டார்கள். அம்மா தினப்பூசைக்காரி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க மீன் தொடமாட்டாள். கடற்கரையை ஒட்டிய ஊரில் அது சாதாரண விரதம் இல்லை. ஃபாதர் சொன்னதை அவளிடம் சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்துச் சொன்னேன். பருப்பைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சாமியாரு அவரு வேலைய பாக்காரு. அவரு சொல்லத்தான் செய்வாரு. நீ போய்க் குடுத்துட்டு வாய்யா."

"அது பாவம்னு சொல்றாங்கம்மா."

"பொறவு அவருகிட்டயே சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடலாம். பிள்ளை இல்லாம எப்படில இருப்ப?"

அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அதன் பிறகு அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு எந்த முரணும் தெரியவில்லை.

நான் அந்த சென்டருக்குப் போகத்தான் செய்தேன். சென்னையில் ஒரு மாடிக் கட்டடம். ஏசி போட்டிருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் நிறையப் பக்கங்கள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்து, படித்து எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னாள். வயது, நோய், எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில், நான் இறந்துவிட்டால் அதை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தது. அழித்துவிடலாமா, மனைவியிடம் கொடுக்கலாமா, ஆராய்ச்சிக்குத் தரலாமா. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

அதுவரை எல்லோரும் உயிருக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். படிவம்தான் முதன்முதலில் அப்படி ஒன்று நடக்கலாம் என்று சாதாரணமாகக் கேட்டது. வெளியே மாடிப்படியில் நின்று அவளுக்கு ஃபோன் செய்தேன். அவள் ஃபேக்டரி லைனில் ஃபோன் அனுமதியில்லை. பிரேக்கில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். கேள்வியைப் படித்துக் காட்டினேன்.

"நீங்களே இல்லன்னா அது இன்னாத்துக்கு எனுக்கு?" என்றாள். "எனுக்கு நீங்க முழிச்சு எழுந்து வந்தா போதும். அதுக்கு மேல கேக்க பயமா கீது. உங்களுக்கு வேணும்னா குடுங்க. எனுக்காகன்னு குடுக்காதீங்க."

உள்ளே போய், இன்னொரு நாள் வருகிறேன் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு நாள் போகவில்லை. நான் திருச்சபைக்குக் கீழ்ப்படிந்தேன் என்று பிறகு சிலர் மெச்சிக்கொண்டார்கள். அது உண்மை இல்லை. விசுவாசத்தாலா, பயத்தாலா, அவள் சொன்னதாலா என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. மறுநாள் சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அடிவயிற்றில் சாய்வாக ஒரு தையல். கட்டி வெளியே எங்கும் பரவவில்லை, கீமோ தேவையில்லை, அவ்வப்போது ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் போதும் என்று முடிவு வந்தது. ஊசி தொடங்கும்வரை உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வியர்க்கும். உட்கார்ந்தால் எழ மனம் வராது. ஊசி போட ஆரம்பித்த பிறகு மெதுவாகப் பழையபடி ஆனது. வேலைக்குத் திரும்பியபோது சூப்பர்வைசர் எடை தூக்க வேண்டாத மேசையில் உட்காரவைத்தார். கம்பெனியில் குடலிறக்க ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அவள் வீட்டில் கட்டி ஆபரேஷன் என்பதுவரை தெரியும். நான் வேலைக்குத் திரும்பிய வாரம் அவள் மீதியையும் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு என்னை வரச் சொன்னார்கள்.

அவளுக்கு அம்மா இல்லை. அப்பா இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி. வீட்டை நடத்துவது அவருடைய தங்கை, அதாவது அவளுடைய அத்தை. நான் போனபோது அப்பா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டியூட்டிக்குத் தயாராக இருந்தார். அத்தை முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள். காபி வந்தது. நான் குடித்து முடிக்கும்வரை அவள் அப்பா காத்திருந்தார்.

"தம்பி, உங்க மேல எனுக்குக் கோவம் இல்ல. நோய் யாருக்கு வேணா வரும். ஆனா இந்தக் கல்யாணம் வேணாம்."

நான் எதிர்பார்த்ததுதான். "உங்க விருப்பம் மாமா" என்றேன். அவள் உள்ளேயிருந்து என்னை முறைத்தாள்.

"நானா சொல்லல. வேதத்துலயே போட்டுக்கீது. அப்படி அறுபட்டவன் ஆண்டவரோட சபைக்குள்ள வரக்கூடாதுன்னு தெளிவா போட்டுக்கீது. நான் படிச்சுட்டுத்தான் சொல்றேன்."

அந்த வசனம் எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தேடிப் படித்திருந்தேன். அவள் வாசல்படிக்கு வந்து நின்றாள்.

"அத்தைக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்களே, அப்போ நீ இந்த வேதத்தைப் படிக்கலையா?"

"நீ உள்ள போ."

"போகல. ரத்தமா போயிகினு இருந்துச்சு, எடுக்கலன்னா செத்துருவாங்கன்னு சொல்லி எடுத்தாங்க. அந்த மாமா பெட்டியோட கொண்ணாந்து இங்க உட்டுட்டுப் போனாரு. நீ ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் அவரு தெருவுல நின்னுகினு கத்தினியே. வியாதிய எடுத்தா பொம்பள பொம்பள இல்லாம போயிடுவாளா, எந்த வேதத்துலடா போட்டுக்கீதுன்னு. நான் உன் கூடத்தான் வந்தேன். எனுக்கு ஞாபகம் கீது."

அத்தையைப் பற்றி எனக்கு அதுவரை, கணவர் இல்லாமல் அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்று மட்டும்தான் தெரியும். அவர் தலை நிமிரவில்லை. பூண்டை உரித்துக்கொண்டே இருந்தார்.

"அது வேற" என்றார் அவள் அப்பா.

"இன்னா வேற?"

அப்போது அத்தை பேசினார். கோபமாக இல்லை, சந்தையில் விலை சொல்வது போலச் சொன்னார். "வேற இல்லண்ணா. நான் பொம்பள, இவரு ஆம்பள. அத்தோட சரி. எனுக்குப் போனப்ப உனுக்கு வயிறு எரிஞ்சிச்சு. இவருக்காக இவரு அம்மாவுக்கு வயிறு எரிஞ்சிகினு இருக்கும்."

அவள் அப்பா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது அவள் தெருமுனைவரை வந்தாள்.

"உங்க விருப்பம்னு சொன்னீங்களே, எந்த தைரியத்துல சொன்னீங்க?"

"உன்னைக் கட்டாயப்படுத்தின மாதிரி இருக்கக் கூடாதுன்னு."

"என்னைக் கேட்டீங்களா?"

இல்லை என்றேன். "இனிமே கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

அவள் அப்பா அந்த வாரமே தனியாகப் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்திருக்கிறார். ஃபாதரே பிறகு சொன்னார். பழைய சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் பின்னால் வந்த ஒரு தீர்க்கதரிசி, அப்படிப்பட்டவர்களுக்கும் ஆண்டவரின் வீட்டில் பிள்ளைகளைவிட மேலான இடம் உண்டு என்று சொல்கிறார் என்று எடுத்துக் காட்டினாராம். அவள் அப்பா அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு போனாராம்.

ஆனால் ஃபாதருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. என்னை மட்டும் வரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"ஒரு கேள்வி கேக்கணும். கூச்சப்படாதீங்க. எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு."

விஷயம் இதுதான். பிள்ளை பெற முடியாதது திருச்சபையில் திருமணத்துக்குத் தடை இல்லை. கணவனாக இருக்கவே முடியாது என்றால் அது தடை. இரண்டு விதையும் இல்லாதவனை ஒரு காலத்தில் இந்த இரண்டாவது வகையில் சேர்த்திருந்தார்கள். பின்னால் ரோமையிலேயே அதைத் தெளிவுபடுத்தித் தளர்த்திவிட்டார்கள் என்று குருப்பட்டத்துக்காகக் குருமடத்தில் படித்த ஞாபகம் அவருக்கு. ஞாபகத்தை நம்பி ஓலை வாசிக்க முடியாது என்றார். எனக்கு எதில் குறை, எதில் குறை இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். ஊசிக்குப் பிறகு எல்லாம் பழையபடி இருக்கிறது என்றேன்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. இந்த விஷயம் முழுக்க எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு நாள்தான். பாட்டுக் குழுவில் இருந்த வேறு எந்தப் பையனையும் யாரும் கதவைச் சாத்திவிட்டு இப்படிக் கேட்டதில்லை. அதை அவரிடமே சொன்னேன். "நியாயம்தான்" என்றார். "ஆனா நாளைக்கு யாராவது இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. உங்களுக்காக இல்லன்னாலும் அந்தப் பொண்ணுக்காக."

டாக்டரிடம் சான்று வாங்கப் போனேன். எதற்கு என்று சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சர்ச்சுக்கா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அது பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்குப் போனது. அங்கே சட்டம் படித்த ஒரு குருவானவர் பார்ப்பார் என்றார்கள். மழைக்காலம் முழுக்கப் பதில் இல்லை. மேம்பாலப் பணிக்காகத் தோண்டிய இடங்களில் தண்ணீர் நின்று, கம்பெனி பஸ்கள் எல்லாம் தாமதமாக வந்துகொண்டிருந்த நாட்கள். தையில் திருமணம் என்ற பேச்சு தானாகத் தள்ளிப்போனது. நானும் அவளும் ஞாயிறு தோறும் பாட்டுக் குழுவில் பாடினோம். பூசை முடிந்ததும் அவள் ஒரே கேள்வி கேட்பாள்: "வந்துச்சா?"

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு நாள் நான் ஷிஃப்டில் இருக்கும்போது ஃபாதர் ஃபோன் செய்தார்.

"தடையில்லைன்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு நிபந்தனை. ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்னு எங்கிட்ட எழுதிக் குடுக்கணும். ஒருத்தர் ஒருத்தரை ஏமாத்த இதை மறைச்சுக் கட்டினாத்தான் அந்தக் கல்யாணம் நிக்காது. நீங்க மறைக்கல. வாங்க, ஓலை வாசிச்சுடலாம்."

முதல் ஞாயிறு ஓலையில் எங்கள் பெயர் வந்தபோது அவள் வீட்டிலிருந்து அத்தை மட்டும் வந்திருந்தார். இரண்டாவது ஞாயிறு அவள் அப்பாவும் வந்தார். டியூட்டியிலிருந்து நேராக வந்தவர் போல யூனிஃபார்மில் பின்னால் நின்றார். தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று வாசித்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம், "பந்தி எங்க போடுறதுன்னு உங்க அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். சம்மதம் என்று அவர் சொன்னது அதுதான்.

திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை வைத்தார் ஃபாதர். யார் எங்கே நிற்பது, எப்போது மோதிரம், எப்போது தாலி என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டியபடி ஓரிடத்தில் நிறுத்தினார். திருமணப் பூசையில் மணமக்களிடம் சில கேள்விகள் உண்டு. அதில் ஒன்று, கடவுள் தரும் பிள்ளைகளை அன்போடு ஏற்று வளர்ப்பீர்களா என்பது.

"வயசானவங்க கல்யாணத்துல இந்தக் கேள்வியை விட்டுடலாம்னு அனுமதி இருக்கு" என்றார். "உங்களுக்கும் விட்டுடறேன். யாரும் கவனிக்க மாட்டாங்க."

எனக்கு அது நல்லதென்றே பட்டது. கோயில் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, அந்தக் கேள்விக்கு நான் எந்த முகத்தோடு பதில் சொல்வது என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். சரி ஃபாதர் என்று சொல்லப் போனவன், தெருமுனையில் அவள் சொன்னது நினைவுக்கு வந்து அவளைப் பார்த்தேன்.

"உடாதீங்க ஃபாதர்" என்றாள். "கேளுங்க."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுட்டேன். குடுத்தா ஏத்துப்பீங்களான்னுதான கேக்குறீங்க? ஏத்துப்போம். எப்படிக் குடுப்பாரு, யார் மூலமாக் குடுப்பாரு, குடுப்பாரா மாட்டாரா, அதெல்லாம் எங்க கையில இல்ல. எல்லாரையும் கேக்குற கேள்விய எங்களை மட்டும் கேக்காம உட்டா, அதான் எனுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அன்று அவர் கேட்டார். அவள் சத்தமாக, ஏற்றுக்கொள்வோம் என்றாள். என் குரல் பாதிதான் வந்தது. முன்வரிசையில் அம்மா மூக்கை உறிஞ்சியது மைக்கில் கேட்டது. பந்தியில் பிரியாணி தீர்ந்துபோய், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அவசரமாகப் பரோட்டா வாங்கி வந்தார்கள். அவள் அப்பா அதைப் பற்றி இன்றுவரை சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

திருமணமாகி நான்கைந்து வருடம் ஆகிறது. ஸ்கேன்கள் எல்லாம் சுத்தமாக வருகின்றன. ஊசி தொடர்கிறது, அது ஆயுளுக்கும் தொடரும். விசேஷம் ஏதும் உண்டா என்று ஆரம்பத்தில் எல்லோரும் கேட்டார்கள். என் மனைவி, அவருக்கு ஆபரேஷன் ஆச்சு, பிறக்காது என்று அப்படியே சொல்லிவிடுவாள். கேட்டவர்கள்தான் தடுமாறிப் போவார்கள். கம்பெனியில் யாராவது குழந்தை பிறந்ததென்று ஸ்வீட் கொடுக்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று அசையும். பெரிதாக இல்லை. ஸ்வீட்டைச் சாப்பிடுவேன்.

அன்று அந்த சென்டரில் கொடுத்திருந்தால் என்று ஒரே ஒரு முறை அவளிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நானும் நெனச்சுப் பார்த்திருக்கேன்" என்றாள். "சில நாள் குடுத்திருக்கலாம்னு தோணும். சில நாள் தோணாது."

போன வருடம் தத்தெடுக்கப் பதிவு செய்தோம். அந்தப் பேச்சை எடுத்தது அத்தை. அவருக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு வழி இருப்பதாக யாரும் சொல்லவில்லையாம். காத்திருக்க வேண்டும் என்றார்கள், காத்திருக்கிறோம். போன மாதம் தத்தெடுப்பு மையத்திலிருந்து வீட்டைப் பார்க்க ஓர் அம்மா வந்தார். சமையலறை, கழிவறை, ஜன்னல் கம்பி எல்லாம் பார்த்தார். என் உடல்நிலை பற்றிக் கேட்டார், சொன்னேன். யார் யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டபோது, டியூட்டிக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்த என் மாமனார், நான் நைட் ஷிஃப்டுக்கு மாத்திக்கிறேன், பகல்ல நான் பாத்துப்பேன் என்றார். அப்புறம் எப்போது தூங்குவீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். அதை அவர் யோசித்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அம்மா ஃபோன் செய்தாள்.

"ஆணா பொண்ணான்னு கேட்டாவளா?"

"கேட்டாங்கம்மா. எதுன்னாலும் சரின்னு எழுதிக் குடுத்துட்டோம்."

"எப்பம் வருமாம்?"

"தெரியலம்மா. சொல்லி அனுப்புவாங்களாம்."

"சரி. நான் அதுக்கு முன்னாலயே வந்துருதேன். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவிய" என்றாள் அம்மா.